அட்டவணை தந்த எட்கர் காட்

இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்லண்டு என்ற சிறு தீவில் 1923ஆம் ஆண்டு பிறந்தவர் எட்கர் காட். ஆக்ஸ்போர்டில் கணிதமும் இரசாயனமும் பயின்றார். உலக யுத்தத்தில் விமானம் ஓட்டினார். 1948இல் நியூயார்க் சென்று ஐ.பி.எம். கம்பெனியில் அமர்ந்தார். செனட்டர் மெக்கார்த்தியின் போக்குப் பிடிக்காமல் 1953இல் கனடாவுக்கே குடிபெயர்ந்தார் என்றால் அவர் சுபாவம் விளங்கும். பின்னர் அமெரிக்கா திரும்பி, நாற்பதைக் கடந்த வயதில், 1965இல், மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்நாளில் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு விவரத்தை எடுப்பது எளிதன்று. அது டிஸ்கில் எங்கே கிடக்கிறது, எவ்வழியாக அதை அடைவது என்பதெல்லாம் புரோகிராம் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேமிப்பு முறையைச் சற்றே மாற்றினாலும் புரோகிராம்களைத் திருத்த நேரிடும். நூல் நிலையத்தில் அலமாரியை நகர்த்தினால் வாசகர் அனைவரும் திண்டாடுவது போலத்தான்!

1970 ஜூன் மாதம் காட் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழி காட்டியது. விவரங்கள் யாவும் வெறும் அட்டவணைகளாகத் தோன்றட்டும். கேட்பவர் இன்னது வேண்டும் என்று மட்டும் கேட்கட்டும். இருக்குமிடத்தை இயந்திரம் தேடிக்கொள்ளட்டும் என்பதே அதன் சாரம்.

சொந்தக் கம்பெனியே முகம் கொடுக்கவில்லை. ஐ.எம்.எஸ். என்ற பழைய முறையில் அதற்கு நல்ல வருமானம், விடுவார்களா? காட் நேரே வாடிக்கைக்காரர்களிடமே தம் கருத்தை எடுத்துரைத்தார். அவர்கள் நெருக்கவே, சிஸ்டம் ஆர் என்ற ஆராய்ச்சி தொடங்கிற்று. அதிலே பிறந்ததுதான் எஸ்.கியூ.எல். மொழி. ஆயினும் அம்மொழியைக் கொண்டு 1979இல் ஐ.பி.எம்மை முந்திச் சந்தைக்கு வந்தது ஆரக்கிள். 1981இல் காட் டூரிங் பரிசு பெற்றார்.

அத்துடன் ஓயவில்லை. பழைய சரக்குக்குப் புதுப் பெயர் ஒட்டி விற்றவர்களைக் கண்டு வெகுண்டு, 1985இல் பன்னிரண்டு விதிகளை வகுத்தார். சேமிப்பு முறை மாறினாலும் புரோகிராம் மாறலாகாது என்பது எட்டாவது விதி. இந்த எட்டாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. இன்று ஆரக்கிளில் டேபிள்ஸ்பேஸ் என்னும் சேமிப்புப் பகுதி நிரம்பும்போது, நிர்வாகி ஒரு கோப்பைச் சேர்க்கிறார்; அல்லது, நிரம்பினால் தானே வளர வேண்டும் என்றும், இந்த அளவைத் தாண்டலாகாது என்றும் கட்டளையிடுகிறார். தேர்வு முடிவைக் கேட்கும் வினாவில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. கேட்ட மாணவருக்கு மாற்றம் நடந்ததே தெரியாது.

2003 ஏப்ரல் 18ஆம் நாள், புளோரிடாவில், தமது எழுபத்தொன்பதாம் வயதில் காட் காலமானார்.