ஓட்டல் ஃப்ரீசருக்குள் ஒரு வாழ்க்கைக் கதை... யார் இந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ?

சீசன் முடிஞ்சு பல மாசம் ஆனாலும் ஓட்டல் புலாவில் பச்சைப் பட்டாணி பளிச்னு இருக்கும். மொத்த சப்ளை கம்பெனிகள் ஓட்டல், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி கேன்டீன்களுக்கு மூட்டை மூட்டையாக இறக்கும் ஃப்ரோசன் சரக்குதான் அது. இந்த வியாபாரத்துக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ.

1886ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். பணம் இல்லாமல் கல்லூரிப் படிப்பை பாதியில் விட்டவர். படிக்கும்போதே செலவுக்காக தவளை பிடிச்சு மிருகக்காட்சி சாலைக்கு வித்தவர் என்றால் ஆளைப் புரிஞ்சுக்கலாம்!

லாப்ரடாரில் கிடைச்ச ஐடியா

1912ல் ரோம வியாபாரத்துக்காக கனடாவின் லாப்ரடார் பகுதிக்குப் போனார். குளிர் மைனஸ் 40 டிகிரி. அங்குள்ள இனூயிட் மக்கள் பனியில் துளை போட்டு மீன் பிடிப்பாங்க. வெளியே எடுத்த உடனே அந்தக் காற்றிலேயே மீன் கட்டை மாதிரி உறைஞ்சிடும். மாசக்கணக்கில் வெச்சிருந்து சமைச்சாலும் ருசி அப்படியே இருந்துச்சு.

அப்போ நியூயார்க்கில் கிடைச்ச உறைந்த மீன் ஏன் சொதசொதன்னு இருந்தது? காரணம் வேகம். மெதுவாக உறையும்போது உள்ளே பெரிய பனிப் படிகங்கள் உருவாகி செல்களைக் கிழிச்சிடும். வேகமா உறைஞ்சா படிகம் சின்னதாகவே இருக்கும், சதை கெடாது. மனைவி எலினோர், கைக்குழந்தையோடு திரும்பவும் லாப்ரடார் போனப்போ, முட்டைக்கோஸையும் பீப்பாயில் உறைய வெச்சுப் பார்த்தார்.

திவால்... மறுபடியும் முதல்ல இருந்து

1923ல் நியூயார்க்கில் மீன் கம்பெனி ஆரம்பிச்சார். மீன் நல்லாதான் இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. கம்பெனி திவால். மனுஷன் விடலை. ஆயுள் காப்பீட்டு பாலிசியை வைத்துக்கூட பணம் புரட்டி, மாசசூசெட்ஸின் மீன்பிடி ஊரான குளோஸ்டருக்குப் போனார். பெட்டியில் அடைச்ச உணவை, கடுங்குளிரான இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே அழுத்தி உறைய வைக்கும் மெஷினை அங்கேதான் உருவாக்கினார்.

1929ல் போஸ்டம் நிறுவனமும் கோல்ட்மேன் சாக்ஸும் சேர்ந்து தொழிலை 2.2 கோடி டாலருக்கு வாங்கின. போஸ்டம் பிறகு ஜெனரல் ஃபுட்ஸ் ஆனது. அவர் பெயரை இரண்டாகப் பிரிச்சு 'பேர்ட்ஸ் ஐ' என்று பிராண்டும் வந்தது. சில மாசத்திலேயே பங்குச்சந்தை சரிஞ்சது. அந்த வருஷம் விற்காமல் விட்டிருந்தால் கதையே வேற!

உண்மையான சிக்கல் எது?

உறைய வைப்பது பாதி வேலைதான். 1930 மார்ச்சில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 18 கடைகளில் மீன், இறைச்சி, பட்டாணி எல்லாம் சோதனை விற்பனைக்கு வந்தது. ஆனா பெரும்பாலான கடைகளில் ஃப்ரீசரே கிடையாது, குளிர் குறையாமல் கொண்டு போக வண்டியும் கிடையாது. நடுவில் ஒரு இடத்தில் குளிர் விட்டாலும் மொத்த சரக்கும் வீண். அதனால் 1934ல் மலிவான ஃப்ரீசர் பெட்டிகள் செய்து கடைகளுக்கு வாடகைக்கு விட்டாங்க. 1944ல் குளிர்பதன ரயில் பெட்டிகளும் வந்தன. இடையில் இரண்டாம் உலகப் போரில் தகரத் தட்டுப்பாடு வந்து டின் உணவு குறைஞ்சதும், ஃப்ரோசன் பக்கம் மக்கள் திரும்பினாங்க.

இந்தச் சங்கிலி உருவான பிறகுதான் மொத்த விநியோகம் பெருசாச்சு. இன்று ஓட்டல்களுக்கு சப்ளை செய்வதில் அமெரிக்காவின் பெரிய நிறுவனமான சிஸ்கோ, 1969ல் 9 விநியோக நிறுவனங்கள் இணைந்து உருவானது. அதைத் தொடங்கிய ஜான் பாவும் முதலில் ஹூஸ்டனில் ஃப்ரோசன் உணவு விநியோகம் செய்தவர்தான்.

அதைப் பார்க்க பேர்ட்ஸ்ஐ இல்லை. கடைசி வருஷங்களில் பெரு நாட்டில் கரும்புச் சக்கையில் இருந்து காகிதக்கூழ் எடுக்கும் வேலையில் இறங்கியிருந்தார். 1956 அக்டோபரில் நியூயார்க்கில் மாரடைப்பால் இறந்தபோது வயது 69. அஸ்தியை குளோஸ்டர் கடலில் கரைச்சாங்க.