ஓவன் மெரிடித் என்னும் லிட்டன் பிரபு

இந்திய வரலாறு பயின்றோர் லிட்டன் பிரபுவைத் தில்லித் தர்பாரோடும் தாய்மொழி இதழ்களின் வாயடைத்த சட்டத்தோடும் சேர்த்தே அறிவர். ஆங்கில இலக்கியம் பயின்றோருள் சிலர் ஓவன் மெரிடித் என்னும் கவிஞரை அறிவர். இருவரும் ஒருவரே என்பது பலரது கவனத்திற்கு வருவதில்லை. கவிதையுள்ளம் படைத்தவர் ஆட்சிக் கட்டிலில் அமர்ந்தால் குடிகளின் துயர் தானே தீரும் என்று கவிஞர்கள் கருதுவது இயல்பு. லிட்டனின் வாழ்க்கை அக்கருத்தைக் கடுஞ்சோதனைக்கு உள்ளாக்குகிறது.

எட்வர்டு ராபர்ட் புல்வர் லிட்டன் 1831 நவம்பர் 8இல் இலண்டனில் பிறந்தார். தந்தை எட்வர்டு புல்வர் லிட்டன், பாம்பி நகரின் அழிவை நாவலாக்கிப் பெரும்புகழ் பெற்றவர், அரசியல்வாதியும் ஆவார். தாய் ரோசினா அயர்லாந்துப் பெண்மணி, அவரும் எழுத்தாளரே. இருவரும் 1836இல் பிரிந்தனர். இரண்டாண்டுகளில் குழந்தைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டனர். ரோசினாவோ கணவரைச் சாடி நாவல் எழுதி வெளியிட்டார். ராபர்ட்டின் ஒரே தமக்கை எமிலி 1848இல், இருபது வயதுகூட நிரம்பாமல் காய்ச்சலில் இறந்தார். பத்தாண்டு கழித்து, தேர்தல் மேடையருகே வந்து கணவரைப் பலரறியப் பழித்த ரோசினா, மனநோயாளி என்று சொல்லப்பட்டு அடைத்து வைக்கப்பட்டார். மக்களும் இதழ்களும் எழுப்பிய கூக்குரலால் மூன்று வாரங்களில் விடுதலையானார். அவரை வெளிநாட்டிற்கு அழைத்துச் சென்றவர் மகன் ராபர்ட். ஆனால் தாய்க்கும் தந்தைக்கும் நடுவே நின்ற அவரால் இருவரையும் நிறைவு செய்ய இயலவில்லை. சில மாதங்களில் தாயோடும் பிணக்கு நேர்ந்தது.

பதினெட்டாம் வயதில், வாஷிங்டனில் தூதராயிருந்த பெரிய தந்தை ஹென்றி புல்வரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அதன்பின் பிளாரன்ஸ், பாரிஸ், தி ஹேக், செயிண்ட் பீட்டர்ஸ்பர்க், வியன்னா, பெல்கிரேடு, கோபன்ஹேகன், ஏதென்ஸ், லிஸ்பன், மாட்ரிட் என ஐரோப்பியத் தலைநகர்களிலெல்லாம் அவர் பணி தொடர்ந்தது. இவற்றுள் அவர் உள்ளத்தை வளர்த்த ஊர் பிளாரன்ஸ். அங்கே வாழ்ந்த ராபர்ட் பிரௌனிங், எலிசபெத் பாரெட் பிரௌனிங் ஆகிய கவித்தம்பதியரின் நட்பு இருபது வயது இளைஞருக்குக் கிட்டியது.

முதல் கவிதை நூல் 1855இல் வெளிவந்தது. லிட்டன் என்ற பெயர் தந்தைக்கு உரியதாகிவிட்டிருந்தது. மகன் ஓவன் மெரிடித் என்னும் புனைபெயரைப் பூண்டார். 1860இல் வெளிவந்த 'லூசில்' என்னும் செய்யுட் கதை அமெரிக்காவில் பதிப்புமேல் பதிப்பாக விற்றது. எனினும் அதன் கதை பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டிடமிருந்து எடுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. செர்பிய நாட்டுப்பாடல்கள் என்று அவர் வெளியிட்ட தொகுதியும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் வழியே ஆக்கப்பட்டது என்று அறிந்தோர் காட்டினர். எளிதில் ஓடும் யாப்பும் இனிய ஓசையும் அவருக்கு வாய்த்திருந்தன; பிறர் குரலைத் தம் குரலினின்று பிரித்தறியும் செவி வாய்க்கவில்லை எனலாம்.

1864இல் எடித் வில்லியர்சை மணந்தார். 1873இல் தந்தை மறையப் பிரபுப் பட்டம் அவரை அடைந்தது. 1875இல் சென்னை ஆளுநர் பதவி தேடி வந்தபோது உடல்நலம் கருதி மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டே பிரதமர் டிஸ்ரேலி அதனினும் பெரிய பதவியை அளித்தார். 1876 ஏப்ரலில் லிட்டன் இந்தியாவின் வைசிராயாகப் பொறுப்பேற்றார்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. தம் குதிரைக்காரரை அடித்து, அவர் சாவுக்குக் காரணமான ஆக்ரா வழக்கறிஞர் புல்லர் என்னும் ஆங்கிலேயருக்கு முப்பது ரூபாய் அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டது. அத்தீர்ப்பை லிட்டன் எழுத்து மூலம் வன்மையாகக் கண்டித்தார். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் அவர்மீது சீற்றங்கொண்டனர். ஓர் உயிரின் விலை முப்பது ரூபாயா என்று கொதித்த அதே மனிதர், சில மாதங்களில் பல இலட்சம் உயிர்களைக் கணக்கேட்டின் வழியே பார்க்கத் தொடங்கினார்.

1876இல் தென்னாட்டில் பருவமழை பொய்த்தது. தமிழர் தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் நினைவுகூரும் கொடுமை அது. சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் அரசுச் செலவில் தானியம் வாங்கினார். லிட்டன் அதைக் கண்டித்தார். வணிகத்தில் அரசு தலையிடலாகாது, விலை உயர்ந்தால் தானியம் தானே வந்து சேரும் என்ற பொருளியற் கோட்பாட்டில் அவர் கொண்ட பற்று அத்தகையது. தானிய ஏற்றுமதிக்கும் தடை விதிக்கப்படவில்லை. விலை உயர்ந்தது உண்மை. வாங்கக் காசின்றி மக்கள் மாண்டனர்.

இந்நிலையில், 1877 சனவரி முதல் நாள், விக்டோரியா அரசியை இந்தியப் பேரரசியாக அறிவிக்கும் பெருவிழா தில்லியில் நிகழ்ந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட சமஸ்தான மன்னர்கள் கூடினர். கொடிகள், பதக்கங்கள், யானை அணிவகுப்பு என அதன் கோலம் முழுவதிலும் லிட்டன் தாமே கருத்தூன்றினார். பஞ்சம் பரவிய மாகாணத்தின் ஆளுநரும் தில்லியில் இருந்தார். கவிஞர் ஒருவர் அமைத்த மிகப்பெரிய காட்சி நாடகம் அதுவே போலும்.

விழா முடிந்ததும் சர் ரிச்சர்டு டெம்பிள் பஞ்ச ஆய்வுக்காகத் தெற்கே அனுப்பப்பட்டார். 1874இல் பீகாரில் பர்மா அரிசியை வரவழைத்து உயிர்களைக் காத்தவர் அவர். ஆனால் ஊதாரி என்ற பழி சுமந்தவர். இம்முறை சிக்கனத்தை மெய்ப்பிக்க முனைந்தார். நிவாரணப் பணியில் நாள்முழுதும் மண் சுமந்த ஆடவருக்கு ஒன்றரை இராத்தலாயிருந்த தானிய அளவு ஒரு இராத்தலாகக் குறைந்தது. இது உயிர்வாழப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாது வாதிட்டார். அதன்பின் அளவு உயர்த்தப்பட்டது. 1877 கோடையிலும் மழை இல்லை. ஆகஸ்டு இறுதியில்தான் லிட்டன் சென்னைக்கு வந்தார். முகாம்களைக் கண்ட அவருக்கு அங்கே தாராளம் மிகுந்திருப்பதாகவே தோன்றியது. பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் இறந்தோர் தொகை 50 இலட்சத்தைத் தாண்டியது.

அதே நாள்களில் மாயூரத்தில் வேறொரு கவிஞர் இருந்தார். முன்சீப் வேலையிலிருந்து விலகியிருந்த வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். மழை வேண்டிக் கீர்த்தனை பாடினார். அவருடைய கொடையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிப் போற்றினார். இவர்களுள் எவரையும் வைசிராய் அறிந்திருக்க நியாயமில்லை.

1878 மார்ச்சில் தாய்மொழி இதழ்ச் சட்டம் பிறந்தது. ஆங்கில இதழ்களை விட்டுவிட்டு இந்திய மொழி இதழ்களை மட்டும் அது கட்டுப்படுத்தியது. எழுத்தாளர் இருவரின் மகனும் தாமே எழுத்தாளருமானவர் இதைச் செய்தார். சென்னை மாகாணத்திற்கு இச்சட்டம் விரிக்கப்படாமையால் தமிழ் இதழ்கள் தப்பின. வங்கத்தின் அமிர்தபசார் பத்திரிகை ஆங்கிலத்திற்கு மாறிக்கொண்டது. ரிப்பன் காலத்தில் சட்டம் நீக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் தொடங்கிய ஆப்கானியப் போர் லிட்டனின் பெயரை இங்கிலாந்திலும் கெடுத்தது. காபூலில் பிரித்தானியத் தூதர் கவாக்னாரி 1879இல் கொல்லப்பட்டார். பஞ்சத் தடுப்புக்கென ஒதுக்கிய பணமும் போருக்குத் திரும்பியது என்ற குறை எழுந்தது. அவர் காலத்தில் அமைந்த பஞ்ச ஆணையம் 1880இல் அளித்த அறிக்கையே பிற்காலப் பஞ்ச விதிகளுக்கு அடிப்படை என்பதையும் நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். இறந்தோர்க்கு அது பயன்படவில்லை.

1880இல் டிஸ்ரேலி தோற்கவே லிட்டனும் பதவி துறந்தார். எர்ல் பட்டம் பெற்றார். 1887இல் பாரிசில் தூதரானார். அப்பணியே அவர் இயல்புக்கு முற்றும் பொருந்தியது. பிரெஞ்சு எழுத்தாளரும் நாடகக் கலைஞரும் அவரைத் தம்மவராகவே கொண்டாடினர். 1891 நவம்பர் 24இல் கவிதை எழுதிக்கொண்டிருக்கையிலேயே உயிர் பிரிந்தது. பல்லாண்டு செதுக்கிய 'கிங் பாப்பி' என்னும் கற்பனைக் காவியம் மறு ஆண்டு அச்சேறியது.

அவருடைய மகள் எமிலி, புதுதில்லியை வடிவமைத்த லுட்யென்சின் மனைவி. அடையாற்றில் வளர்ந்த ஜே. கிருஷ்ணமூர்த்திக்கு இங்கிலாந்தில் தாய்போல் இருந்தவர். மற்றொரு மகள் கான்ஸ்டன்ஸ் பெண்கள் வாக்குரிமைக்காகச் சிறை சென்றார். பிரபுவின் மகள் என்பதால், உண்ணாநோன்பிருந்தபோது இதயநோயைக் காரணம் காட்டி விடுவிக்கப்பட்டார். ஏழைத் தோழியர்க்கு அச்சலுகை கிடைக்காமை அவரை உறுத்தியது. 1910இல் ஜேன் வார்ட்டன் என்னும் தையற்காரியாக வேடமிட்டு லிவர்பூலில் மீண்டும் சிறை புகுந்தார். உண்ண மறுத்த அவருக்கு, இதயத்தைச் சோதிக்காமலேயே குழாய் வழியே எட்டு முறை உணவு திணிக்கப்பட்டது. பின்னர் வாதநோய் தாக்கி வலக்கை செயலிழந்தது. சிறை அனுபவங்களை அவர் இடக்கையால் எழுதினார். நூல் 1914இல் வெளிவந்தது.