சாயத் தொழிலாளி கண்ட மின்சாரம்

எண்ணெய் வைக்காத தலையில் பிளாஸ்டிக் சீப்பைத் தேய்த்து, காகிதத் துணுக்குகளின் பக்கத்தில் கொண்டு போயிருக்கிறீர்களா? துணுக்குகள் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். நிலைமின்சாரம் செய்யும் வேலை இது. உரசிய பொருளைவிட்டு இந்த மின்சாரம் எங்கும் போகாது என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். போகும் என்று காட்டியவர் ஸ்டீபன் கிரே.

இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் 1666-ம் ஆண்டு பிறந்தார். அப்பாவைப் போலவே துணிகளுக்குச் சாயம் போடும் தொழில். ஆனால் வானத்தைப் பார்ப்பதில் கொள்ளை ஆசை! தான் கண்டதை எழுதி, அரச வானியலாளரான பிளாம்ஸ்டீடுக்கு அனுப்புவார். கையில் மட்டும் காசு சேரவில்லை. 1719-ல், லண்டனில் ஏழை முதியவர்களைப் பராமரிக்கும் சார்ட்டர்ஹவுஸ் இல்லத்தில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குத் துணை ஒரு கண்ணாடிக் குழாய். தூசு புகாமலிருக்க அதன் இரு முனைகளிலும் தக்கை அடைத்திருந்தார். 1729-ல் ஒருநாள் குழாயைத் தேய்த்தபோது, பறவை இறகு ஒன்று தக்கையில் போய் ஒட்டியது. தேய்த்தது குழாயைத்தானே, தக்கையை இல்லையே! தக்கையில் ஒரு குச்சியைச் செருகி, அதன் நுனியில் தந்தப் பந்தை மாட்டினார். பந்தும் இறகை இழுத்தது. குச்சிக்குப் பதில் சணல் நூல் கட்டி, மாடியிலிருந்து தொங்கவிட்டார். அப்போதும் இழுத்தது.

இன்னும் நீளமாக்க வேண்டுமானால் நூலைப் படுக்கைவாட்டில் கொண்டுபோக வேண்டும். உத்தரத்தில் ஆணி அடித்து, சணல் நூலாலேயே தாங்கவிட்டார். மின்சாரம் உத்தரத்துக்குள் போய்விட்டது!

கென்ட் பகுதியில் இருந்த நண்பர் கிரான்வில் வீலர், மெல்லிய பட்டு நூலால் தாங்கலாமே என்றார். அப்படியே செய்தார்கள். வெற்றி! மேலும் நீளமாக்கியபோது பாரம் தாங்காமல் பட்டு அறுந்தது. மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினார்கள். பந்து எதையும் இழுக்கவில்லை. மறுபடி பட்டுக்கு மாறியதும் இழுத்தது.

ஆக, மெலிந்ததா தடித்ததா என்பது விஷயமே இல்லை. எந்தப் பொருள் என்பதுதான் விஷயம். பித்தளை மின்சாரத்தை ஓடவிடுகிறது, பட்டு ஓடவிடாது. கடத்தி, கடத்தாப் பொருள் என்று பள்ளியில் படிக்கிறீர்களே, அந்தப் பாடம் இந்த அறுந்த நூலில்தான் தொடங்கியது. சணல் எப்படிக் கடத்தியது என்கிறீர்களா? காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். பிறகு 700 அடிக்கும் மேல் மின்சாரத்தை அனுப்பிக் காட்டினார்கள்.

1730-ல் ஒரு சிறுவனைக் கயிறுகளில் படுக்கைவாட்டில் தொங்கவிட்டு, தேய்த்த குழாயைக் காலருகே நீட்டினார் கிரே. மெல்லிய பித்தளைத் துணுக்குகள் பறந்து வந்து சிறுவனின் முகத்தில் ஒட்டின. மனித உடலும் கடத்திதான்!

ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கத்தை 1731-ல் முதன்முதலில் பெற்றவர் இவர்தான். அடுத்த ஆண்டும் அவருக்கே கொடுத்தார்கள். அப்போதும் அவர் இருந்தது அதே இல்லத்தில்தான். 1736 பிப்ரவரியில் மரணப் படுக்கையில் கிடந்தபோதும், கடைசியாகச் செய்த சோதனைகளைச் சொல்லச் சொல்ல, சொசைட்டியின் செயலாளர் மார்ட்டிமர் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். மறுநாள் கிரே இறந்துபோனார்.