கடலுக்குக் கணக்குப் போட்ட கெல்வின் பிரபு

நம் கல்லூரி பிசிக்ஸ் லேபைத் தாண்டி வந்த யாருக்கும் கெல்வின் என்ற பெயர் மறந்திருக்காது. வெப்பநிலைக்குப் பக்கத்தில் ‘கே’ போடாமல் விட்டு அரை மார்க் கோட்டைவிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த மனிதருக்கும் நம்ம தூத்துக்குடி கடலுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்பது படிக்கிற காலத்தில் எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் வரலாறு என்றால் பாபேஜ், டூரிங், அப்புறம் நேரே அமெரிக்கா என்று படித்துவிட்டுப் போய்விடுகிறோம். நடுவில் ஒரு கிளை நம்ம கடற்கரை வழியாகப் போகிறது. அந்தக் கதையைத்தான் இந்த மலரில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

வில்லியம் தாம்சன் என்பது அவருடைய இயற்பெயர். 1824 ஜூன் 26ல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். ஆறு வயதில் தாயை இழந்தார். தகப்பனார் கணக்கு வாத்தியார். 1832ல் தகப்பனாருக்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. அப்பாவின் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பையன், பத்து வயதிலேயே அதே பல்கலைக்கழகத்தில் மாணவனாகச் சேர்ந்துவிட்டான்!

1840ல், பதினாறு வயது வாக்கில், ஃபூரியர் என்ற பிரெஞ்சு மேதை வெப்பத்தைப் பற்றி எழுதிய புத்தகம் அவர் கைக்கு வந்தது. இரண்டே வாரத்தில் படித்து முடித்தார். எவ்வளவு கோணல்மாணலான அலையாக இருந்தாலும், அதைச் சீரான சின்னச் சின்ன அலைகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்பது ஃபூரியர் காட்டிய வழி. இந்த ஒரு புத்தகம்தான் தாம்சனுக்கு வாழ்நாள் முழுக்கக் கைமுதல். அவருடைய பெரிய வெற்றி ஒன்றும் இதிலிருந்து வந்தது; பெரிய தவறு ஒன்றும் இதிலிருந்தே வந்தது.

கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்து, 1846ல் 22 வயதில் கிளாஸ்கோவிலேயே பேராசிரியரானார். 53 வருடம் அந்த நாற்காலியை விடவில்லை. 1848ல் அவர் வகுத்த வெப்பநிலை அளவுதான் நமக்கு மார்க் குறைத்த அந்தக் ‘கே’. அட்லாண்டிக் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போட்டபோது அவர்தான் விஞ்ஞான ஆலோசகர். 1858ல் போட்ட கம்பி சில வாரங்களிலேயே செத்துப்போனது. 1866ல் வெற்றி கிடைத்தது. சர் பட்டமும் கிடைத்தது. 1892ல் பிரபு பட்டம் வந்தபோது, பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரையே சூட்டிக்கொண்டார்.

கம்பிக் கப்பலில் போய்ப் போய் அவருக்குக் கடல் பைத்தியம் பிடித்துவிட்டது. சொந்தமாக ஒரு பாய்மரப் படகு வாங்கினார். மாலுமித் திசைகாட்டியைத் திருத்தி அமைத்தார். ஆழம் பார்க்கப் பியானோக் கம்பியில் ஒரு கருவி செய்தார். கடைசியில் ஏற்றவற்றத்தில் கை வைத்தார்.

அமாவாசை, பௌர்ணமிக்கு ஏற்றம் கூடும், அட்டமி, நவமிக்குக் குறையும் என்பது திரேஸ்புரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வருகிற ஆடி மாதம் பன்னிரண்டாம் தேதி காலை ஆறு மணிக்குத் தண்ணீர் எத்தனை அங்குலம் நிற்கும் என்று கேட்டால்? அங்கேதான் சிக்கல். சந்திரன் இழுப்பது 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு அலை. சூரியன் இழுப்பது 12 மணிக்கு ஒரு அலை. சந்திரன் கிட்டே வருவது, தூரப் போவது, வடக்கே சாய்வது, தெற்கே சாய்வது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலை. எல்லாம் கலந்துதான் கரைக்கு வருகிறது. ஃபூரியர் வழியில் இவற்றைப் பிரித்துவிடலாம். ஆனால் பிரித்ததை மறுபடி கூட்ட வேண்டுமே! ஒரு துறைமுகத்துக்கு ஒரு வருடம் என்றால் 8,760 மணி நேரம். மணிக்கு 20 அலை வீதம் 1,75,200 கணக்கு. கையால் போடுகிற வேலையா இது?

இதை மனிதர்கள்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைய இந்திய சர்வே துறையில் ‘கம்ப்யூட்டர்’ என்பது ஒரு உத்தியோகத்தின் பெயர். எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்ட ராதாநாத் சிக்தார் அப்படியொரு தலைமைக் கம்ப்யூட்டர்தான்.

1872ல் பிரைட்டன் நகரத்து மாநாட்டுக்கு ரயிலில் போகும்போது, பீச்சம் டவர் என்ற இன்ஜினியர் தாம்சனிடம் ஒரு யோசனை சொன்னார். கப்பிகளின் மேலும் கீழுமாக ஒரே கயிற்றை ஓட்டினால் போதாதா என்பதே அது. தோணியில் பாய் ஏற்றுகிற கப்பி நமக்குத் தெரியாததா? அதேதான். ஒவ்வொரு அலைக்கும் ஒரு கப்பி. பல்சக்கரங்கள் அதை அந்தந்த அலைக்குரிய வேகத்தில், உரிய உயரத்துக்கு ஏற்றி இறக்கும். ஒரு முனை கட்டப்பட்ட கயிறு எல்லாக் கப்பிகளையும் சுற்றி வரும், மறுமுனையில் பேனா. கப்பிகள் ஏறி இறங்க, அத்தனை அசைவையும் கயிறு தானே கூட்டிக்கொள்ளும். கைப்பிடியைச் சுற்றினால், ஓடும் காகிதத்தில் பேனா கடலின் வருங்காலத்தை வரைந்துகொண்டே போகும். ஒரு துறைமுகத்தின் ஒரு வருடக் கணக்கு சுமார் நான்கு மணி நேரத்தில் முடிந்தது. அதற்கு முந்தின வருடம்தான் பாபேஜ், தன் பெரிய இயந்திரத்தை முடிக்காமலே கண்ணை மூடியிருந்தார். தாம்சன் எல்லாக் கணக்கையும் போடும் இயந்திரத்துக்கு ஆசைப்படவில்லை. ஒரு கணக்கை உருப்படியாகப் போட்டால் போதும் என்றார். அது வேலை செய்தது.

முதல் இயந்திரத்தில் பத்து கப்பிகள். இரண்டாவது பெரிய இயந்திரம் இந்திய அரசுக்காக 1879ல் லண்டனில் செய்யப்பட்டது. அதில் 20 கப்பிகள், பிறகு 24. வடிவமைத்தவர் எட்வர்ட் ராபர்ட்ஸ். பெருமை யாருக்கு என்று அவருக்கும் தாம்சனுக்கும் உரசலும் வந்தது. இன்ஜினியர்கள் உலகம் அன்றும் இப்படித்தான்!

ஆனால் அந்த இயந்திரத்துக்குத் தீனி எங்கிருந்து வந்தது? இங்கிருந்துதான். கர்னல் பேர்டு என்ற அதிகாரி தொடங்கிவைத்த வேலையாக, ஏடன் முதல் பர்மா வரை சர்வே துறை அளவுமானிகளை வைத்தது. பாம்பன், நாகப்பட்டினத்தோடு 1880களின் பிற்பகுதியில் தூத்துக்குடியும் சேர்ந்தது. கடலோடு இணைத்த கிணற்றில் ஒரு மிதவை, அதோடு சேர்ந்த பென்சில், சுற்றும் உருளையில் காகிதம். வருடக்கணக்காக ராப்பகலாக எடுத்த அந்தக் கோடுகளிலிருந்து நம்ம ஊர் எண்கள் பிரிக்கப்பட்டன. அவற்றை லண்டனில் இருந்த கப்பிகளில் ஏற்றினார்கள். அடுத்த வருடத்துத் தூத்துக்குடி கடல் அங்கே காகிதத்தில் ஏறி இறங்கியது. அச்சான அட்டவணை இங்கே வந்து சேர்ந்தது.

நம்ம கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான். பாவ்நகர் பக்கம் பத்து மீட்டர் போகும். இத்துனூண்டு ஏற்றத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். 1974ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்படும் முன், இங்கே கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளியே நங்கூரம் போடும். சரக்கு தோணியில்தான் கரைக்கு வரும். ஆழமில்லாத கடலில் ஒரு அடி தண்ணீர் என்பது சும்மா இல்லை. 1961ல் நடந்த கடைசி முத்துச் சலாபம் வரை முத்துப்பாருக்குப் போனவர்களுக்கு அட்டவணை தேவைப்படவில்லை. நீவாடு எப்படி என்று தண்ணீரைப் பார்த்தே சொல்வார்கள். ஆனால் அந்த அறிவு அவர்கள் தலையிலேயே இருந்தது. வெளியூர்க் கப்பல்காரனுக்கு அச்சடித்த தாள்தானே வழி?

கெல்வினின் அண்ணன் ஜேம்ஸும் இன்ஜினியர். அவர் செய்த ஒரு கருவியைக் கோத்து, கலனக் கணக்கையும் இயந்திரத்தால் போடலாம் என்று 1876ல் கெல்வின் எழுதினார். 1931ல் அமெரிக்காவில் வானிவர் புஷ் அதே வழியில் ஒரு பெரிய இயந்திரத்தைக் கட்டி முடித்தார். 1944 ஜூன் 6ல் நார்மண்டிக் கரையில் படை இறங்க நாள் குறித்தபோது, அங்குள்ள ஏற்றவற்றத்தைச் சொன்னதும் இந்தக் கப்பி இயந்திரங்களின் வாரிசுகள்தான். 1960களில் எலக்ட்ரானிக் கம்ப்யூட்டர் வந்த பிறகே கப்பிகள் ஓய்வெடுத்தன.

இனி அந்தத் தவறு. சூடான உருண்டை எத்தனை காலத்தில் ஆறும் என்று அதே ஃபூரியர் கணக்கைப் போட்டு, பூமிக்கு வயது சொன்னார் கெல்வின். 1862ல் 2 கோடியிலிருந்து 40 கோடி வருடம் என்றார். 1897ல் 2 கோடியிலிருந்து 4 கோடி என்று இன்னும் சுருக்கினார். டார்வின் உட்படப் பலருக்கு அது தீராத தலைவலி. 1895ல் அவரிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெரி, பூமிக்குள்ளே பொருள் நகர்ந்து வெப்பத்தை மேலே கொண்டுவந்தால் இந்தக் கணக்கே மாறிவிடுமே என்று எடுத்துக்காட்டினார். கெல்வின் விட்டுக்கொடுக்கவில்லை. பூமியின் வயது சுமார் 450 கோடி வருடம் என்று இன்று அறிகிறோம்.

கணக்கில் பிழை இல்லை. எடுத்துக்கொண்ட பூமிதான் தப்பு. கடல் கணக்கில் தப்பினால் மறுநாள் காலையில் கடலே காட்டிக்கொடுத்துவிடும். பூமி விஷயத்தில் அப்படிச் சொல்ல யாருமில்லை. சொன்ன ஒருவர் பேச்சும் எடுபடவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானும் பட்டவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அஸ்திவாரத்துக்குக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டேன். கலர் கலராகப் படம் வந்தது. சைட்டில் இருந்த மேஸ்திரி அண்ணாச்சி ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் பார்த்துவிட்டு, தம்பி, நீங்க சொல்ற மண்ணு இது இல்லையே என்றார். வேறொரு இடத்து மண் அறிக்கையை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்! அன்று அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் என் கதி என்ன?

கெல்வின் 1899ல் ஓய்வு பெற்றார். உடனே அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகத் தன் பெயரைப் பதிந்துகொண்டார். அப்போது வயது 75. 1907 டிசம்பர் 17ல் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நியூட்டனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நாலு கப்பி, கொஞ்சம் பலகை, ஒரு கயிறு, ஒரு பேனா. சின்னதாக ஒரு ஏற்றவற்ற இயந்திரம் செய்யுங்கள், செலவு என்னுடையது. அடுத்த சங்கமத்துக்கு நாங்கள் வரும்போது கைப்பிடியைச் சுற்றிக் கோடு போடுங்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து கடற்கரைக்குப் போய், கோடு சொன்ன இடத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருவோம்.