விளக்கேந்திய சீமாட்டியும் புள்ளிவிபரங்களும்

விளக்கேந்திய சீமாட்டி என்றதும், இரவு வேளையில் காயமுற்ற படைவீரர்களிடையே வலம்வரும் தாதியின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றும். ஆயினும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் சிறந்த புள்ளிவிபரவியலாளராகவும் விளங்கினார் என்பதை நம்மில் பலர் அறிந்திலர்.

1820 மே 12ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், செல்வந்த ஆங்கிலேயக் குடும்பமொன்றில் பிறந்த அவர், குடும்பத்தாரின் எதிர்ப்பையும் மீறித் தாதித்தொழிலைத் தேர்ந்தெடுத்தார். கிரைமியா யுத்தத்தின்போது, 1854 நவம்பரில் 38 தாதியருடன் இன்றைய இஸ்தான்புல்லில் உள்ள ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். அன்புடன் பராமரித்தும் அக்குளிர்காலத்தில் மரணங்கள் குறையவில்லை. 1855 மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழு கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கி, காற்றோட்டத்தைச் சீர்செய்த பின்னரே அவை வெகுவாகக் குறைந்தன.

1856இல் நாடு திரும்பிய அம்மையார், புள்ளிவிபர அறிஞர் வில்லியம் ஃபார் என்பவருடன் இணைந்து மரணப் பதிவுகளை ஆராய்ந்தார். போர்க்காயங்களை விடத் தடுக்கக்கூடிய நோய்களே அதிக உயிர்களைப் பறித்திருந்தன. எண்களை வாசிக்கப் பொறுமையற்ற ஆட்சியாளரும் ஒரே பார்வையில் உணரும் வண்ணம், அவ்வுண்மையை 1858இல் வட்டவடிவ வண்ண வரைபடமாக்கினார். அதே ஆண்டில் இலண்டன் புள்ளிவிபரவியற் சங்கத்தின் முதற் பெண் உறுப்பினரானார். 1910 ஆகஸ்ட் 13ஆம் திகதி, தமது 90ஆவது வயதில் மறைந்தார்.

அவரது பிறந்ததினத்தைச் சர்வதேச தாதியர் தினமாகக் கொண்டாடும் நாம் ஒன்றை மறத்தலாகாது. இன்று கணினிகள் நோய்த்தரவுகளை நொடிப்பொழுதில் தொகுத்துத் தருகின்றன. ஆனால், தாம் பணியாற்றிய வைத்தியசாலையின் மரணங்களையும் மறைக்காது கணக்கிட்ட அந்த நேர்மை நம்மிடம் இல்லையேல், தரவுகள் வெறும் எண்களாகவே எஞ்சும்.