தேர்வை எடைபோட்ட பேராசிரியர்

திருப்பதியில் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நமக்கு டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அயலவர் அல்லர். 1888 செப்டம்பர் 5ஆம் நாள் திருத்தணியில் பிறந்தவர் அவர். பின்னாளில் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வீட்டு மொழி தெலுங்கு. பிறந்த ஊரோ முருகன் மலையடி. இரு பக்கத்தாரும் அவரைத் தம்மவர் என்று சொல்லிக்கொள்ளலாம்!

எட்டு வயதில், 1896இல், இதே திருப்பதிக்கு வந்து லுத்தரன் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் வேலூர் ஊரீசுக் கல்லூரி; அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. தந்தையார் வீராசாமி வருவாய்த்துறையில் சிறு பணியாளர். உதவித்தொகை இல்லையேல் படிப்பு இல்லை. மதிப்பெண் இல்லையேல் உதவித்தொகை இல்லை. இந்தக் கணக்கு நம்மில் பலருக்கும் தெரிந்ததே. அவர் தத்துவம் பயின்றதுகூட, உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த பாடநூல்களைக் கொடுத்ததால்தான்.

முதுகலைப் பட்டத்திற்கு வேதாந்தத்தின் ஒழுக்கவியலைப் பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். அதை ஊன்றிப் படித்துப் பாராட்டியவர் பேராசிரியர் ஹாக். 1908இல், இருபது வயதில், அது நூலாக வெளிவந்தது. மூன்று மணி நேர விடைத்தாளில் இந்த இளைஞரை முழுதும் கண்டிருக்க முடியுமா?

சென்னை, மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்போர்டு என ஆசிரியப்பணி வளர்ந்தது. 1948இல் இந்திய அரசு அமைத்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவிற்கு அவரே தலைவர். மேகநாத சாகா, ஜாகிர் உசேன், இலட்சுமணசாமி முதலியார் ஆகியோர் உடன் இருந்தனர். 1949இல் வந்த அறிக்கை, ஒரே ஒரு சீர்திருத்தந்தான் செய்யலாம் என்றால் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்கவேண்டும் என்றது. தேர்வால் உயர்ந்தவர் தலைமையில் வந்த தீர்ப்பு இது!

விஞ்ஞான மாணவனுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். ஒரே பொருளுக்கு ஒவ்வொரு முறையும் வேறு எடை காட்டும் தராசை ஆய்வுக்கூடத்தில் யார் வைத்திருப்பார்? கட்டுரை விடைத்தாளின் எடையோ திருத்துபவரின் கைக்கேற்ப மாறும். ஆகவே, யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண் தரும் புறவயத் தேர்வுகளைப் பயிற்சி பெற்றோர் உருவாக்கவேண்டும் என்றது குழு. அத்தோடு நிற்கவில்லை. மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை ஆண்டு முழுதும் செய்த வேலைக்கு ஒதுக்கச் சொன்னது. கருணை மதிப்பெண்களை ஒழிக்கச் சொன்னது.

1962இல் குடியரசுத் தலைவரான அப்பெருமகனார், 1975 ஏப்ரல் 17ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அவர் குழு கேட்டவற்றுள் வட்டத்தைக் கருப்பாக்கும் தேர்வை மட்டும் நாடு இரு கையாலும் பற்றிக்கொண்டது. நீட் தேர்வில் ஆண்டுவேலைக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை. கருணை மதிப்பெண்ணோ போகவில்லை. 2024இல் அத்தேர்வில் 1563 பேருக்கு அதை அளித்து, வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றபின் திரும்பப் பெற்று, அவர்களுக்கு மறுதேர்வு வைத்தார்கள்.