கரும்பாய்வில் ஒரு பெண்மணி : ஜானகி அம்மாள்

நம் திருப்பூர் கோவை மாவட்டத்தின் ஒரு நகராய் விளங்கிய காலம் அது. அரசுப் பொருளைக்கொண்டு 1912-இல் கோவையில் நிறுவப்பெற்ற கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், 1934-இல் ஜானகி அம்மையார் ஆய்வாளராய்ச் சேர்ந்தார். 1897-இல் தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றவர் அவர். காட்டுக் கரும்பின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணி ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடு கலப்பித்தும் கண்டார். எனினும், மணம் புரியாது தனித்து வாழ்ந்த இவ்வம்மையார்க்கு உடன்பணியாற்றிய ஆடவரிடையே உரிய மதிப்பு வாய்க்கவில்லை. 1939-இல் இங்கிலாந்து சென்றார். அங்கே டார்லிங்டனுடன் இணைந்து அவர் 1945-இல் வெளியிட்ட குரோமோசோம் தொகுப்பு நூல் பயிராய்வாளர்தம் கைந்நூலாயிற்று. கோவை இழந்தது சிறிதன்று!

பின்னர்ப் பிரதமர் நேரு அழைக்கவே தாயகம் மீண்டு, இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பினை ஏற்றார். சீரமைக்கும் பணி அம்மையாருடையது. தலைமைத் தாவரவியலாளர் பதவியோ 1954-இல் சான்டபாவ் என்னும் அறிஞர்க்கு வழங்கப்பெற்றது. அம்மையார் ஆய்வைக் கைவிடவில்லை. முதுமையிலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் மருந்துச் செடிகளை ஆராய்ந்துவந்தார். பத்மஸ்ரீ விருது 1977-இல், எண்பதை நெருங்கிய அகவையில் வந்தது. 1984 பிப்ரவரி 7-இல் மறைந்தார்.